சவரிமுத்து சார் வீட்டுப் பின்னறை

வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரருக்கும் இங்கே மராமத்து வேலை எடுத்த காண்டிராக்டருக்கும் தகராறு வந்தால், இப்போதெல்லாம் உருண்டையாக ஒரு கேமராவைக் கொண்டுவந்து அறை நடுவில் நிறுத்துகிறார்கள். அது நாலு சுவரையும் கூரையையும் ஒரே விழுங்காக விழுங்கிக்கொள்கிறது. அங்கே அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவர் விரலால் தள்ளித் தள்ளித் தன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். போன மாதம் குமணன்சாவடியில் ஒரு வீட்டில் இதைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் கட்டடத் தொழிலாளர் சங்கத்து மலருக்கு நீங்களும் எழுதுங்கள் மேஸ்திரி, இந்தக் கேமரா வருகிறதுக்கு முன்னால் நீங்கள்தானே எங்களுக்குக் கேமரா என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். உண்மைதான். பொய்யாக அடக்கம் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும், வீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

என் பெயர் ஏழுமலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நல்ல தமிழில் எழுதுகிறேன் மாமா என்று சொல்லியிருக்கிறாள். விஷயத்தில் மட்டும் கை வைக்காதே என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

தொழில் கற்றதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. திருவேற்காட்டில் கலவை சுமந்தேன், கரண்டி பிடித்தேன், மேஸ்திரி ஆனேன், சொந்தமாகக் காண்டிராக்ட் எடுத்தேன். மூன்று மாடிக்குச் சாரம் கட்டாமல் பூசிய ஆள் நான். எனக்கு மேலே இருந்தவர் பெரிய மேஸ்திரி காளத்தி. அவர் யாரையும் திட்டமாட்டார். நாம் எழுப்பிய சுவர் கோணலாக இருந்தால், மத்தியானம் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நம்மையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். கடைசி வாய் வரைக்கும் பார்ப்பார். அன்று சாயங்காலம் நாமே அந்தச் சுவரைத் தள்ளிவிடுவோம். வேறு ஒருவர் கட்டிய வீட்டைப் பார்க்கப் போனாலும் அவருக்கு ஒரு முறை உண்டு. செருப்பை வெளியே விட்டு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, பிறகு ஒவ்வொரு அறையிலும் வெறுந்தரையில் உட்காருவார். பேசமாட்டார். ரசமட்டமும் தூக்குக்குண்டும் அதற்கு அப்புறம்தான் பையிலிருந்து வெளியே வரும். நானும் கடைசி வரை அப்படித்தான் செய்தேன்.

முழங்கால் தேய்ந்து சாரம் ஏற முடியாமல் போன பிறகு இந்தப் பஞ்சாயத்து வேலை தானாக வந்து சேர்ந்தது. முதலில் ஒரு துபாய்க்காரர். குமணன்சாவடியில் அவர் வீட்டு மொட்டை மாடிக்குத் தளம் போட்டு ஓடு பதித்தாகிவிட்டது என்று காண்டிராக்டர் படம் அனுப்பியிருந்தான். அவர் அதை எனக்கு அனுப்பி, போய்ப் பார்த்து வரச் சொன்னார். நான் போகவே இல்லை. அந்த மாடியில் எந்தப் பக்கம் திரும்பி நின்று படம் எடுத்தாலும் மெட்ரோ தூண் தெரியாமல் எடுக்க முடியாது. படத்தில் தென்னை மரம் நின்றது. "இது உங்க ஊடே இல்ல சார்" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அதிலிருந்து சிங்கப்பூர், கனடா, குவைத் என்று எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். நான் சொன்ன தீர்ப்பை மாற்றிச் சொல்ல வைத்த ஆள் ஒருவரும் இல்லை. அந்தக் கதைகளையெல்லாம் எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. அதனால் நூம்பல் வீட்டை மட்டும் சொல்கிறேன்.

ஜெயசீலி என்கிற பெண் அயர்லாந்திலிருந்து கூப்பிட்டது. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா சவரிமுத்து ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூம்பல் வயலாக இருந்தபோதே மனை வாங்கி வீடு கட்டியவர். மனைவி மரியபுஷ்பம் காலமாகிவிட்டார்கள். கொரோனாவில் வெளிநாட்டுக்குப் போக வர வழியில்லாமல் கிடந்த அந்தக் காலத்தில் அவர்கள் இறந்ததால் மகளால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. இப்போது அப்பா தனி ஆள். அவருக்காகப் பின்பக்கம் புதிதாக ஓர் அறை, அதோடு சேர்ந்த குளியலறை, வழுக்காத தரை எல்லாம் செய்யச் சொல்லி, தினகரன் என்கிற காண்டிராக்டரிடம் கொடுத்திருந்தது அந்தப் பெண். வேலை முடிந்தது. அப்பா உள்ளே குடி போனார். குடி போனதும் தகராறு ஆரம்பித்தது.

"மத்தியானம் ஆனா அந்த ரூம்ல யாரோ மூச்சு விடறாங்கன்னு அப்பா சொல்றார் அங்கிள். காண்டிராக்டர்கிட்ட கேட்டா, வேலைல ஒரு குறையும் இல்ல, பெரியவருக்குத்தான் மூளை கலங்கிடுச்சு, டாக்டர்கிட்ட காட்டுங்கன்றார். நான் கொஞ்சம் கோவமா பேசிட்டேன். என் நம்பரையே பிளாக் பண்ணிட்டார்."

"நீ ஒரு தபா கேட்டியாம்மா அந்தச் சத்தத்த?"

"இல்ல அங்கிள். உங்களுக்கு மத்தியானம்னா எனக்கு டூட்டி. நான் கூப்பிடுற நேரத்துல ஒண்ணும் கேக்கறதில்ல." பிறகு சொன்னது: "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். கோளாறு வீட்லயா, எங்கப்பாகிட்டயா? வீட்லன்னா சரி பண்ணிக்கலாம். அப்பாகிட்டன்னா இனிமே அவரைத் தனியா விட முடியாது. ஆவடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இடம் கேட்டு வச்சிருக்கேன். அந்த வீட்டை விட்டு அவரைக் கிளப்பினா அவர் எத்தனை நாள் இருப்பாருன்னும் எனக்குத் தெரியும்."

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சுவர் கோணலா நேரா என்றுதான் கேட்பார்கள்.

எந்தத் தகராறானாலும் காண்டிராக்டர் பேச்சைத்தான் நான் முதலில் கேட்பேன். குற்றம் செய்தவன் தானாக அதைச் சுற்றித்தான் பேசுவான். தினகரனைக் குமணன்சாவடி டீக்கடையில் பிடித்தேன். சுறுசுறுப்பான ஆள். அவனுடைய அப்பா என்னோடு கலவை சுமந்தவர்.

"இன்னா தினகரா, நூம்பல் ஊட்டு வேல எப்டி கீது?"

"அண்ணாத்தே, உன்னையும் புடிச்சிக்கிச்சா அந்தம்மா?"

"புடிச்சிக்கிச்சி. நீ சொல்லு."

"வேல சுத்தம். ரசமட்டம் வச்சிப் பாத்துக்க. பாத்ரூம்ல தண்ணி ஊத்திப் பாத்துக்க. ஒரு சொட்டு நின்னாலும் என் மீசைய எடுத்துடறேன்."

"மீச எங்கடா கீது உனுக்கு?"

டீ மாஸ்டர் சிரித்துவிட்டார். தினகரன் சிரிக்கவில்லை. "யாரோ மூச்சு வுடறாங்கன்றாரு பெருசு. நான் இன்னா, மூச்சுக்கா பூச்சு வேல செய்ய முடியும்? நான் எத்தினி தபா போனேன், ஒண்ணும் கேக்கல. காலைலதான் போவேன் அண்ணாத்தே. எப்பவும் காலைலதான்."

எந்த நேரத்தில் போனாய் என்று நான் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்னான். அதை மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நூம்பலுக்குப் போனேன்.

தெருவில் ஒரு மனுஷன் இல்லை. வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சவரிமுத்து சார் கதவைத் திறந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒழுங்காக வாரிய தலை. மூளை கலங்கியவர் என்று யாரும் சொல்ல முடியாது. செருப்பை விட்டு, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பின்னறைக்குள் போனேன். நல்ல அறை. குறை சொல்லக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. கட்டில், ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்டூலில் மரியபுஷ்பம் அம்மா படம், படத்துக்கு முன்னால் எரிகிற மெழுகுவத்தி.

"பேனப் போடாத மேஸ்திரி," என்றார் அவர். "ஜன்னலும் சாத்தியே இருக்கட்டும். அப்பத்தான் கேக்கும்."

வெறுந்தரையில் உட்கார்ந்தேன். வெளியே அப்படி வெயில். உள்ளே தரை பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் ஈர மண் வாசனை. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெழுகுவத்திச் சுடர் சாய்ந்தது. காற்றில் ஆடுகிற மாதிரி ஆடவில்லை. கட்டிலின் பக்கமாக மெதுவாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது, பிறகு நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. அப்போதுதான் சத்தம் காதில் ஏறியது. நீளமாக ஒரு மூச்சு. முடிகிற இடத்தில் ஒரு சின்ன இழுப்பு. மறுபடி ஒரு மூச்சு.

நான் பயந்தவன் கிடையாது. இருட்டில் தனியாகச் சாக்கடைத் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்திருக்கிறேன். அன்று என் முதுகுத் தோல் தானாகச் சுருங்கியது. முட்டி போட்டபடியே நகர்ந்து போய் ஜன்னலுக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பூச்சில் மயிரிழை போல ஒரு விரிசல். அதிலிருந்து காற்று கையில் பட்டது. தரை அப்படிச் சில்லிட்டிருக்க, அந்தக் காற்று மட்டும் சூடாக இருந்தது. தூங்குகிற குழந்தையின் மூக்கருகில் கை வைத்தால் படுமே, அப்படி.

"கேக்குதா?" என்றார் சவரிமுத்து சார்.

"கேக்குது சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதுவரை தனக்குத்தானே அவரும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"சார், இந்த ரூம் கட்டறதுக்கு முன்னாடி இங்க இன்னா இருந்துச்சி?"

"கெணறு இருந்துச்சு. பழைய கெணறு. மண்ணு கொட்டி மூடிட்டேன்னு தினகரன் சொன்னான்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த மாதிரி இருந்தது என்று சொல்ல வேண்டும். மூடிய கிணறு மூச்சு விடும். பேய்க் கதை சொல்லவில்லை. கிணறு மூடியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வெயில் ஏறும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியே வரப் பார்க்கும், பொழுது சாய்ந்தால் திரும்ப உள்ளே இழுக்கும். அதனால்தான் எங்கள் கொத்தனார்களிடம் ஒரு வழக்கம். எந்தக் கிணற்றை மூடினாலும் ஒரு குழாயை நட்டு, அதன் வாயை மேலே திறந்தபடி விடுவோம். மூச்சுக் குழாய் என்று அதற்குப் பெயர். கிணற்றின் மூச்சை அடைத்தால் வீட்டில் ஒருவர் மூச்சு அடைபடும் என்பது நம்பிக்கை. நம்பாதவர்களும் குழாய் விடுவார்கள்.

அந்தக் கிணற்றை மூடிய கொத்தனார் கன்னியப்பன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் பூந்தமல்லியில் கூலி ஆட்கள் கூடி நிற்கிற இடத்தில் அவனைக் கண்டேன். கூட்டத்திலிருந்து தனியாக அழைத்துப் போனேன்.

"நூம்பல் கெணத்துல மண்ணு கொட்டினியா?"

பீடியை எடுத்தவன் பற்றவைக்கவில்லை. "மண்ணு லாரி வரல மேஸ்திரி. தினகரன் போன்ல கத்திக்கினே இருந்தாரு. கல்லுப் பலகைய கெணத்து மேல அடுக்கி, மேல இடிசல கொட்டி மட்டம் பண்ணிட்டோம். அவரு வந்து பாத்தாரு, மட்டமா இருந்துச்சி, போயிட்டாரு."

"அடப்பாவி. கீழ வெத்தா கீது. மேல ஒரு மனுசன் கட்டில் போட்டுப் படுத்துக்கினு கீறாரு."

"ஆனா கொயா வுட்டேன் மேஸ்திரி. மூச்சுக் கொயா வுடாம ஒரு கெணத்த நான் மூடினதில்ல. மேல ரூமு வருதே, இன்னா பண்றது? செவுத்துக்குள்ளயே ஏத்தி, ஜன்னலுக்குக் கீழ வாய தொறந்து வச்சேன். பூச வந்தவனுங்க தெரியாம பூசி மூடிட்டானுங்க போல."

இதுதான் எங்கள் ஆள். கிணற்றை நிரப்பாமல் ஏமாற்றுவான், மூச்சுக் குழாயை மட்டும் மறக்கமாட்டான். நான் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்தான்.

"ஒண்ணு சொல்லணும். கொயா நட்டப்ப வாயில கைய வச்சிப் பாத்தேன். காத்து சூடா வந்துச்சி. அத்தினி கெணறு மூடிக்கீறேன், சில்லுனுதான் வரும். இது சூடா வந்துச்சி மேஸ்திரி. அதான் நான் அதுக்கப்புறம் அந்த வேலைக்கே போவல."

"வெயில்ல கொயா காஞ்சிருக்கும்," என்றேன்.

"மழ பேஞ்சிக்கினு இருந்துச்சி," என்றான் அவன்.

அன்று மத்தியானமே தினகரனை அந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே நின்றான். "காலைல வரேன் அண்ணாத்தே."

"ஏன், இப்ப உள்ள வந்தா இன்னா?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "ஒரு நாள் மத்தியானம் சுவிட்ச் பாக்க வந்தேன். யாரும் இல்ல. குனிஞ்சிக்கினு இருந்தப்ப என் பிடரில மூச்சு பட்டுச்சி. ஸ்குரு டிரைவரக் கூட எடுக்காம ஓடியாந்துட்டேன். அந்தம்மாகிட்ட இத எப்டி சொல்லுவேன்? நானே பேய் ஊடு கட்டிக் குடுத்துட்டேன்னு சொல்லவா? பெருசுக்குத்தான் கோளாறுன்னு சொல்லிட்டேன்."

அவன் போக்கிரியில்லை. பயந்தவன். பயந்தவன்தான் நம்பரை பிளாக் செய்வான் என்பது என் அனுபவம். கன்னியப்பன் சொன்னதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு, சவரிமுத்து சார் காலில் விழப் போனான். "நானே கொத்தி, நானே ரொப்பித் தரேன் நைனா. நல்ல மண்ணா கொட்டி ரொப்பறேன்."

அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னேன். "கோளாறு ஊட்லதாம்மா. உங்கப்பா தங்கமா கீறாரு." அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. என் தொழிலில் நான் சொன்னதிலேயே நல்ல தீர்ப்பு இதுதான் என்று அப்போது நினைத்தேன். தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

தரையைக் கொத்துகிற அன்று காலையில் சவரிமுத்து சார் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மேஸ்திரி, அத அடைக்காத."

"சார், கீழ வெத்து. ஒரு நாள் தரை உள்ள எறங்கும். கட்டிலோட போயிடுவீங்க."

"போனாப் போறேன். யோவ், உனக்கு இன்னா தெரியும்? என் சம்சாரத்துக்கு இழுப்பு. கண்ணாலம் கட்டின நாள்லேர்ந்து இழுப்பு. பக்கத்துல படுத்துக்கினு அது மூச்சு ஓடுதா ஓடுதான்னு கேட்டுக்கினே தூங்குவேன். எழுந்ததும் மொதல்ல அதத்தான் கேப்பேன். அது போனப்புறம் எனுக்குத் தூக்கமே கெடையாது. இந்த ரூமுக்கு வந்துதான் தூங்கறேன்."

"அப்ப மூச்சு வுடறாங்கன்னு பாப்பாகிட்ட ஏன் புகார் சொன்னீங்க?"

"புகாரா? நான் எங்க புகார் சொன்னேன்? அம்மா மூச்சு கேக்குதும்மான்னு சந்தோசமாதான் சொன்னேன். அது பயந்துக்கிச்சி, யாரோன்னு உன்கிட்ட சொல்லிடுச்சி."

ஸ்டூலில் இருந்த படத்தைப் பார்த்தேன். ஆனால் உயிர் விஷயம். வெற்றிடத்தின் மேல் ஒருவரைப் படுக்கவைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன முடியாது. கையைப் பிடித்து எழுப்பி, முன்னறையில் உட்காரவைத்தேன். தினகரன் ஓடு பெயர்த்தான், இடிசலை அள்ளினான், பலகைக் கல்லை நெம்பினான். கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கினோம். கிணற்று உறை வளையங்கள் கறுப்பாக வரிசையாக இறங்கின. அடியில் தண்ணீர் துளியும் ஆடாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இருந்தாலும் எங்களில் யாரும் விளிம்பில் குனிந்து பேசவில்லை.

சரளை, எம்-சாண்ட் மணல், அதன் மேல் தண்ணீர், மறுபடி சரளை. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு லோடும் இறங்குவதைப் பார்த்தேன். நன்றாகத் தண்ணீர் குடித்து இறுகட்டும் என்று சில நாள் விட்டு, தினகரன் கம்பி கட்டி கான்கிரீட் போட்டான். வழக்கத்தை நான் விடவில்லை. மூச்சுக் குழாயைச் சுவரிலிருந்து உருவி, வெளிப்பக்கமாகத் திருப்பி, கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டேன். சுவருக்குள் செங்கல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஓடு பதித்து, பூசி, வெள்ளை அடித்தாகிவிட்டது. மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு ஏணியில் ஏறி, வெளிக்குழாயின் வாயில் நானே பிடித்துப் பார்த்தேன். மத்தியான நேரம். சுடர் அசையவில்லை. கிணறு செத்துவிட்டது.

இறங்கி உள்ளே போனேன். சவரிமுத்து சார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படத்துக்கு முன்னால் இருந்த சுடர் கட்டிலின் பக்கமாக மெதுவாகச் சாய்ந்து, நின்று, நிமிர்ந்தது.

நீளமாக ஒரு மூச்சு. முடிகிற இடத்தில் சின்ன இழுப்பு.

சுவரை முழுக்கத் தடவினேன். விரிசல் இல்லை. தரையில் காதை வைத்தேன். குளியலறைக் கதவைச் சாத்தினேன், தண்ணீர் போகிற வழியில் ஈரத் துணியை அடைத்தேன். எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். ஒரு வேலையும் மிச்சமில்லாமல் போன பிறகு கையை நீட்டினேன். சுவரில் வைக்கவில்லை, கட்டிலுக்கும் படத்துக்கும் நடுவே, வெறும் இடத்தில். உள்ளங்கையில் சூடாகப் பட்டது.

அந்த நேரத்தில் போன் அடித்தது. ஜெயசீலி அன்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. போன் திரையில் அதன் முகம் தெரிந்தது.

"முடிஞ்சுதா அங்கிள்? காலைல அப்பாகிட்ட பேசினேன். எல்லாத்தையும் மூடின பின்னாடியும் நேத்து கேட்டுச்சுன்றார். நீங்க சொல்லுங்க. வீடு சரியாயிடுச்சுன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் அந்த இல்லத்துக்குப் போன் பண்ணிடறேன். எனக்கு வேற வழி தெரியல."

அறை வாசலில் தினகரன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். சரியாகிவிட்டது என்று சொல்லு, சொல்லு என்று வாயை அசைத்தான். சவரிமுத்து சார் யாரையும் பார்க்கவில்லை. புதிதாகப் பதித்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊடு சரியா கீதும்மா," என்றேன். "கெணறு ரொம்பிடுச்சி. கொயா வெளிய போயிடுச்சி. தினகரன் வேலைல இனிமே ஒரு குத்தமும் இல்ல."

ஜெயசீலி முகத்தைக் கையால் மூடிக்கொண்டது. "அப்போ அப்பாதான்..."

"இரும்மா. உங்கப்பாகிட்டயும் குத்தம் இல்ல. எனக்கும் கேக்குது. இதோ, இப்பவும் கேக்குது."

"அப்படின்னா அது என்னது அங்கிள்?"

"தெரிலம்மா."

என் தொழிலில் இந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. பின்னால் சொல்லவும் இல்லை. அதுதான் நான் தீர்ப்புச் சொல்லப் போன கடைசி வீடு.

அந்தப் பெண் அழவில்லை. நர்ஸ் இல்லையா, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "எப்படிக் கேக்குது?"

நான் சொன்னேன். நீளமாக விடுவது, கடைசியில் இழுப்பது, நடுவில் ஒரு நிறுத்தம், எல்லாம்.

"அப்பா எங்கயும் போக வேணாம்," என்றது பிறகு. "அங்கிள், ஒரு உதவி. போனை அந்த ஸ்டூல் மேல வச்சுட்டு, நீங்க எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?"

படத்துக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தேன். மூன்று பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். வாசலில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முதலில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு அந்தப் பெண்ணின் குரல் தாழ்வாகக் கேட்டது. எங்களோடு பேசுகிற குரல் அல்ல. தன் பிள்ளைக்குப் பல் விழுந்ததைச் சொன்னது. அங்கே பெய்கிற மழையைச் சொன்னது. நடுநடுவே நிறுத்தியது, அந்தப் பக்கம் பதில் சொல்ல இடம் விடுகிற மாதிரி. டிக்கெட் கிடைக்கவில்லைம்மா, நான் எவ்வளவோ பார்த்தேன்ம்மா என்றது.

தினகரன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சவரிமுத்து சார் செருப்பில் காலை நுழைத்தார்.

"பேசட்டும்," என்றார். "வாங்கய்யா, டீ குடிச்சிட்டு வரலாம்."